லிஃப்ட்காரர் வீட்டுப் பசி

லிஃப்ட்காரருக்கு இருட்டு பழகிப்போன விஷயம். உத்தியோகத்தில் இருந்த காலமெல்லாம் பெரிய பெரிய கட்டடங்களின் வயிற்றுக்குள், லிஃப்ட் ஏறி இறங்குகிற குறுகலான பள்ளத்தில், கையில் டார்ச்சும் கிரீஸ் டப்பாவுமாகக் கழித்த மனிதர். தலைக்கு மேலே பெட்டி தொங்கும், கீழே இவர் நிற்பார். "பயமா இல்லையா?" என்று யாராவது கேட்டால், "கம்பி நான் மாட்டினது. அறுந்தா என்னைத்தான் கேக்கணும். கேக்கறதுக்கு நான் இருக்க மாட்டேன்" என்று சிரிப்பார். அப்படிப்பட்டவர் ஓய்வு பெற்றதும் செய்த முதல் காரியம், வீட்டின் பின்பக்கம் சிமெண்டு பூசிக் கிடந்த முற்றத்தைக் கடப்பாரையால் உடைத்ததுதான். வெயில் படுகிற இடமாக ஒரு சாண் மண் வேண்டும் என்றார்.

ஒரு சாண் என்று ஆரம்பித்தவர் மதில் வரைக்கும் பாத்தி கட்டிவிட்டார். மழைக்காலத்தில் கீரையும் வெண்டையும், குளிர்காலத்தில் தக்காளியும் அவரையும், வெயில் காலத்தில் வெள்ளரியும் கத்திரியும், எல்லாக் காலத்துக்கும் புதினாவும் கொத்தமல்லியும். பந்தலில் சுரைக்கொடி. மூலையில் பப்பாளி. மண்ணுக்கு லீவே கிடையாது.

இவர் வளர்ப்பார், மனைவி சமைப்பாள். அந்த அம்மாளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. முன்கூட்டியே பறித்து வைத்த காயைத் தொடமாட்டாள். அடுப்பில் வாணலி ஏறி, எண்ணெய் காயத் தொடங்கிய பிறகுதான் பின்வாசலைப் பார்த்துக் குரல் போகும். "ஏங்க, எண்ணெய் வெச்சாச்சு!" கையில் இருப்பதைப் போட்டுவிட்டு இவர் ஓடிப் பறித்து, கழுவி, ஈரம் சொட்டச் சொட்டக் கொண்டுவந்து நீட்ட வேண்டும். எண்ணெய் புகைந்துவிட்டால் தொலைந்தார். "பத்து மாடிக்கு லிஃப்ட ஏத்தி இறக்கின மனுஷனுக்கு ஒரு வெண்டைக்காயைக் கொண்டாற ஒரு யுகமா?" என்பாள். பிள்ளை குட்டி இல்லாத வீடு, சண்டை போட வேறு ஆள் இல்லை. இருவருக்கும் அதில் ஒரு குறையும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஒரு மழைக்காலத் தொடக்கத்தில் அந்த அம்மாளுக்குச் சாப்பாடு இறங்காமல் போயிற்று. வாயில் வைத்ததைத் தொண்டை வாங்க மறுத்தது. கஞ்சி கொடுத்தால் கஞ்சியும் திரும்பி வந்தது. டாக்டர் எல்லாச் சோதனையும் செய்து பார்த்துவிட்டு, லிஃப்ட்காரரைத் தனியாக வெளியே கூப்பிட்டார். "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. எது கேட்டாலும் குடுங்க. சாப்பிட்டா இருப்பாங்க." சாப்பிடாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை.

நடு அறையில் கட்டில் போட்டார். ஜன்னல் இல்லாத அறைதான், ஆனால் குளியலறைக்குப் பக்கம். அறை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் நேரே பின்வாசலும் தோட்டமும் தெரியும். கட்டிலில் படுத்திருப்பவளுக்குச் சுவர்தான் தெரியும். கன்னம் ஒட்டி, கை காய்ந்த குச்சியாகி, அவள் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

ஒரு முற்பகலில் அங்கிருந்து குரல் வந்தது.

"ஏங்க, எண்ணெய் வைங்க."

"என்னம்மா?"

"எண்ணெய் வைங்கன்னேன். மதிலோரத்துல கீரைத்தண்டு சிவந்திருச்சு. இன்னைக்கே பறிங்க, நாளைக்கு நாராயிடும்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. முந்தின நாள் சாயங்காலம் கூட அந்தக் கீரையைப் பார்த்திருந்தார், தண்டு பச்சையாகத்தான் இருந்தது. இருந்தாலும் போய்ப் பார்த்தார். தண்டெல்லாம் இரத்தச் சிவப்பு.

அடுப்பு பற்றவைத்தே பழக்கமில்லாத ஆள். பூண்டு கருகியது, கையில் எண்ணெய் தெறித்தது, உப்பை இரண்டு தரம் போட்டார். அந்தக் கண்றாவியை அவள் கடைசித் துணுக்கு வரைக்கும் சாப்பிட்டு, கிண்ணத்தை விரலால் வழித்தாள். பாத்திரம் கழுவுகிற சாக்கில் குழாயைத் திறந்துவிட்டு லிஃப்ட்காரர் ஓவென்று அழுதார். சந்தோஷத்தில்தான்.

மறுநாள் காலையில் கீரைப் பாத்தி செத்துக் கிடந்தது. அழுகல் இல்லை, பூச்சி இல்லை. பல வருஷம் பூட்டிய வீட்டுக்குள் கிடந்த மாதிரி சாம்பல் நிறத்தில், தொட்டால் தூளாகிற வறட்சி. மண்ணோ மழையில் நனைந்து சொதசொதவென்று இருந்தது. அவர் உரக்கடைக்காரனைத் திட்டினார். எறும்பைத் திட்டினார். மழையையும் ஒரு பிடி பிடித்தார்.

அப்புறம் வெண்டை கேட்டாள். "நடுச்செடியில காய் முத்தப் பாக்குது, சீக்கிரம்" என்றாள். புதினா கேட்டாள். "நுனி கிள்ளுங்க, பூ விடப்போகுது" என்றாள். போய்ப் பார்த்தால் சொன்னது சொன்னபடி இருக்கும். எந்தச் செடியிலிருந்து பறித்தாரோ அந்தச் செடி மறுநாள் சாம்பலாக இருக்கும். மனசு ஒன்று சொல்லத்தான் செய்தது. அதைக் காது கொடுத்துக் கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

ஏன் வரும்? அவள் தேறிக்கொண்டு வந்தாளே! குளிர்காலம் பிறந்தபோது தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தாள். கன்னத்தில் சதை வைத்தது. பக்கத்து வீட்டுத் தையல்கார அம்மா ஒரு நாள் எட்டிப் பார்த்துவிட்டு வாயில் கை வைத்தாள்.

"அண்ணே, அண்ணி முகம் என்ன இப்படி மினுமினுன்னு இருக்கு! அப்படி என்னத்தப் போட்டுச் சமைக்கிறீங்க?"

"உப்பு ரெண்டு தரம் போடறேன்" என்றார் இவர்.

அவள் சிரித்தாள். போகிற போக்கில் பின்வாசல் பக்கம் பார்வை போனதும் சிரிப்பு நின்றது. "தோட்டம் ஏன்ணே இப்படிக் கிடக்கு?" என்றாள். இவர் பேச்சை மாற்றினார். அவளும் துணி வெட்டுகிற வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டாள். அதற்குப் பிறகு அவள் அந்த வீட்டுப் படி ஏறவில்லை.

சுரைக்காய் சமைத்த அன்று அவருக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று. வாசல் நாற்காலியில் உட்கார்ந்து அவளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். முதல் வாயை அவள் மென்றாள். பின்வாசல் வழியாக, பந்தலில் ஒரு இலை சுருளுவதைக் கண்டார். விழுங்கினாள், அந்த இலை உதிர்ந்தது. அடுத்த வாய், அடுத்த இலை. காற்றே இல்லாத பட்டப்பகல். கொடி நுனியிலிருந்து வேரை நோக்கி, அவள் தாடை அசைகிற கணக்குக்குச் சாம்பல் பூத்துக்கொண்டே வந்தது. கரண்டி பாதியில் நின்றுவிட்டது.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றாள். உதட்டில் சிவப்பு ஏறியிருந்தது. புதுப் பெண் மாதிரி இருந்தாள்.

"ஒண்ணுமில்ல. சூடா இருக்கு" என்று ஊதினார். ஊதிவிட்டு ஊட்டினார்.

அந்த இடத்தில் நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள்? நல்ல பிள்ளை மாதிரிப் பதில் சொல்லாதீர்கள். செடியா, கட்டினவளா என்று வந்தால் எவன் யோசிப்பான்? போனால் போகிறது சுரைக்கொடி என்று கிண்ணம் காலியாகும் வரை ஊட்டினார். வெளியே பந்தலில் வெறும் கயிறுதான் மிஞ்சியது.

அன்று முதல் அவர் கணக்காக நடந்துகொண்டார். அந்தத் தோட்டத்திலிருந்து தான் ஒரு இலையும் தின்பதில்லை, கடையில் வாங்கிய ரொட்டியும் வாழைப்பழமும்தான். எல்லாம் அவளுக்கே. கடையில் காய் வாங்கிச் சமைத்தும் பார்த்தார். நாக்கில் பட்டதுமே துப்பினாள். "இது செத்துப் பல நாளாச்சுங்க" என்றாள். புது விதை வாங்கி ஊன்றினார். தோண்டிப் பார்த்தால் விதை கருகியிருந்தது. புது மண் கொண்டுவந்து கொட்டினார். அதுவும் மறுநாள் சாம்பலாயிற்று.

இன்னொன்றையும் கவனித்தார். அதைத்தான் அவரால் சகிக்க முடியவில்லை. காலையில் அவள் முகம் வலப்பக்கச் சுவரைப் பார்த்திருக்கும். மத்தியானம் கூரையைப் பார்க்கும். சாயங்காலம் இடப்பக்கம் சாய்ந்திருக்கும். ஜன்னலே இல்லாத அந்த அறையில், கண்ணை மூடித் தூங்கும்போதும் அவள் முகம் வெளியே இருக்கும் சூரியனோடு திரும்பிக்கொண்டிருந்தது. கட்டிலை மாற்றிப் போட்டுப் பார்த்தார். முகம் சரியாகத் திரும்பியது. மூச்சில் கிள்ளிய புதினா வாசனை. தலையணையைத் தொட்டால் ஈர மண் மாதிரி சில்லென்று இருக்கும்.

"தோட்டம் எப்படிங்க இருக்கு?" என்பாள் தினமும்.

இவர் அளப்பார். வெண்டை பூத்திருக்கிறது, வெள்ளரி மதில் ஏறிவிட்டது, பப்பாளியில் குருவி வந்து உட்காருகிறது. லிஃப்ட் பள்ளத்தில் கிடந்த மனுஷனுக்கு இவ்வளவு கற்பனை எங்கே இருந்ததோ தெரியவில்லை! தோட்டம் செத்துக்கொண்டே வர, வாயில் அது செழித்துக்கொண்டே போயிற்று. ஒரு தரம் வந்து பார்க்கிறேன் என்பாள். சேறு வழுக்கும் என்பார். இன்னொரு நாள் கேட்டால் குளவிக் கூடு இருக்கிறது என்பார். அவள் சிரித்துக்கொண்டு படுத்துவிடுவாள்.

வெயில் காலம் வந்தபோது மிஞ்சியது ஒரே ஒரு கத்திரிச் செடி. தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தானாக முளைத்தது. அதில் ஒரு காய். அது போனால் அவளும் போய்விடுவாள் என்று அவருக்குத் தெரியும். அதனால் பறிக்காமல் தள்ளிப்போட்டார். அவளும் கேட்கவில்லை. கேட்காமலே கன்னம் மறுபடி ஒட்டியது, கை மறுபடி குச்சியாயிற்று. பறித்தாலும் போவாள், பறிக்காவிட்டாலும் போவாள். பைத்தியம் பிடிக்காத குறையாக அந்தச் செடியைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

ஒரு மத்தியானம் குரல் வந்தது. "ஏங்க, எண்ணெய் வைங்க. தொட்டிக்குப் பின்னால இருக்கே, அது."

அந்தச் செடியைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை. வாணலியை ஏற்றினார். போய்ப் பறித்தார். திரும்பினால், பின்வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றிருந்தாள்.

முற்றம் முழுவதையும் பார்த்தாள். சாம்பல் பாத்திகள், மொட்டைப் பந்தல், பப்பாளி நின்ற இடத்தில் ஒரு கறுத்த முளை.

"வெள்ளரி மதில் ஏறிடுச்சுன்னீங்க" என்றாள்.

அவர் கையிலிருந்த காயை அவளிடம் நீட்டினார்.

"இத்தனையும் நானா தின்னேன்?" குழந்தை கேட்கிற மாதிரி கேட்டாள். "அப்பவும் பசி போகலையேங்க."

"முதல்ல இதைச் சாப்பிடு. அப்புறம் ஆசை தீரத் திட்டு. வேற மண்ணு கொண்டாறேன், வேற விதை…"

"இது முடிஞ்சா எதைப் பறிப்பீங்க?"

அப்படிக் கேட்டுக்கொண்டே அவள் அவரைப் பார்த்தாள். கையைப் பார்த்தாள், தோளைப் பார்த்தாள், கழுத்தில் பார்வை நின்றது. பதமான கீரைத்தண்டைச் சொன்னபோது அவள் குரலில் இருந்த அதே ஆசை இப்போது கண்ணில் இருந்தது. வாயில் எச்சில் ஊறி அவள் விழுங்குவதை அவர் கண்டார். அவர் புறங்கையில் மயிர்க்கால்கள் சிலிர்த்தன. விரல் நுனி மரத்தது. ஒரு விநாடிதான். அவள் திடுக்கிட்டு இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

லிஃப்ட்காரருக்குப் புரிந்தது. புரிந்தும் நகரவில்லை. "வேணும்னா எடுத்துக்கோம்மா" என்றார். "நான் எதுக்கு இருக்கேன்?"

"வாயைக் கழுவுங்க!" என்று கத்தினாள். அந்தக் கத்தலில் பழைய மனைவி முழுசாக வந்துவிட்டாள். "எண்ணெய் புகையுது, நகருங்க. குடுங்க அதை."

காயைப் பிடுங்கிக்கொண்டு அடுப்படிக்குள் போனாள். படுத்த நாளிலிருந்து அன்றுதான் அடுப்பைத் தொட்டாள். சுவரைப் பிடித்து நின்று, காயை நறுக்கிப் போட்டு, தீயைக் குறைத்து, உப்பைச் சரியாகப் போட்டாள். அந்த வாசனைக்கு அவருக்கு உயிரே வந்தது. சமைத்துவிட்டாள் என்றால் சாப்பிடுவாள், ஒரு நாளாவது கூட இருப்பாள், மிச்சத்தை நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று ஓடிப்போய்த் தட்டைக் கழுவினார்.

தட்டை வாங்கி, எல்லாவற்றையும் போட்டு, அவர் முன்னால் வைத்தாள்.

"சாப்பிடுங்க."

"எனக்கு எதுக்கு? நீ…"

"இத்தனை மாசம் உங்க சமையலைத் தின்னேனே, ஒரு குறை சொல்லியிருப்பேனா? ரொட்டியைத் தின்னு தின்னு எப்படி ஆயிட்டீங்க பாருங்க. சாப்பிடுங்க. நான் பாக்கணும்."

கெஞ்சினார். கோபப்பட்டார். காலைக்கூடத் தொடப் போனார். அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, மேசை விளிம்பை விரல் வெளுக்கப் பிடித்துக்கொண்டு, வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். திறந்தால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அவர் சாப்பிட்டார். கண்ணீரும் மூக்குமாக, ஒவ்வொரு துண்டாக விழுங்கினார். விழுங்குகிறபோதெல்லாம் பின்வாசல் வழியாக, தொட்டி ஓரத்தில் எட்டிப் பார்த்த அந்தக் கத்திரிச் செடியைப் பார்த்தார். ஒரு இலை சுருளட்டும். ஒரே ஒரு இலை சுருண்டால் போதும், அவள் இன்னும் எடுத்துக்கொள்கிறாள் என்று அர்த்தம். தட்டு காலியாகும் வரை பார்த்தார். செடி வெயிலில் பச்சைப் பசேலென்று நின்றது, அடியில் ஒரு புது மொட்டு கூட விட்டிருந்தது. எதிர் நாற்காலியில் அவள் பிடித்திருந்த விரல்கள் மெல்லத் தளர்ந்தன.