தேங்காய்ச் சத்தத்துக்கு எழும்பாத நாய்

எங்கள் நாய் பரீட்சை பாஸ் பண்ணிய நாய். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெள்ளவத்தையில் எனக்குத் தெரிந்த எல்லோரிடமும் சொல்லி முடித்தாயிற்று. மரக்கறிக் கடைக்காரர் இப்போது என்னைத் தூரத்தில் கண்டாலே வெண்டிக்காயை நிறுக்கத் தொடங்கிவிடுகிறார், இன்னொரு தடவை கதை கேட்க அவருக்கு நேரமில்லை. இனி எழுதுவதுதான் மிச்சம்.

அவள் சாதி நாய் அல்ல. கடற்கரை வீதியான மெரின் டிரைவில் ஒரு பெட்டிக் கடையின் அடியில், மழையில் நடுங்கிக்கொண்டிருந்த குட்டி. மண் நிறம். ஒரு காது நிமிர்ந்து நிற்கும், மற்றது மடிந்து கிடக்கும். குடையையும் குட்டியையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். கணவர் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "ஒரு ராவுக்குத்தான்" என்றார். அந்த இரவு இன்னும் விடியவில்லை.

நாங்கள் இருப்பது மாடி வீடு. லிப்டை எல்லோரும் பகிர்ந்துகொள்ள வேண்டும். மூன்றாம் மாடியில் இருக்கிற ஐயா எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் தலைவர். ஓய்வுபெற்றவர், வெள்ளி தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். ஒரு வெள்ளிக்கிழமை மாலை வேட்டி சால்வையோடு, அர்ச்சனை செய்த கூடையைக் கையில் ஏந்தியபடி அவர் லிப்டுக்குக் காத்து நின்றார். கதவு திறந்தது. உள்ளே நானும் நாயும். நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் அவள் பாய்ந்து, கூடையிலிருந்த தேங்காய்ப் பாதியைக் கவ்விக்கொண்டாள். வாழைப்பழம் ஒரு பக்கம், வெற்றிலை ஒரு பக்கம், ஐயா சுவரோடு சுவராக.

அர்ச்சனைத் தேங்காயில் நாய் வாய் வைத்துவிட்டது. மன்னிப்புக் கேட்டு, புதுத் தேங்காய் வாங்கிக் கொடுத்தால் சரியாகிவிடும் விஷயமல்ல அது. அடுத்த சங்கக் கூட்டத்தில் ஐயா எழுந்து நின்று சொன்னார்:

"நாய் வளர்க்கிறதெண்டால் காணி வளவு இருக்கோணும். களனியிலை உங்கட தங்கச்சி வீடு இருக்குதுதானே, அங்கை விடுங்கோ. இல்லாட்டி அது ஒழுங்கான நாயெண்டு தகுதியுள்ள ஆரும் எழுதித் தரட்டும். அடுத்த வருசாந்தக் கூட்டம் வரைக்கும் பார்ப்பம்."

எனக்கு வந்த கோபத்தில், "எழுதித்தானே தரோணும், தாறன்" என்று சொல்லிவிட்டேன். எதை, யாரிடம் எழுதி வாங்குவது என்று அப்போது எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஒன்று தெரிந்தது. எழுதி வாங்காவிட்டால் அவள் களனிக்குப் போய்விடுவாள். என் தங்கை நல்லவள்தான், ஆனால் அவள் வீட்டில் நாயைச் சங்கிலியில்தான் கட்டுவார்கள்.

விசாரித்ததில் நாய்களுக்குக் கீழ்ப்படிதல் போட்டி என்று ஒன்று இருப்பது தெரிந்தது. நாய் நம் காலோடு ஒட்டி நடக்க வேண்டும், 'இரு' என்றால் உட்கார வேண்டும், கூப்பிட்டால் வர வேண்டும். கடைசியாக, எல்லா நாய்களையும் வரிசையாகப் படுக்க வைத்துவிட்டு நாம் மைதானத்தின் மறுபக்கம் போய் நிற்போம். நாம் திரும்பி வரும்வரை நாய் எழும்பக் கூடாது. போதிய புள்ளி எடுத்தால் சான்றிதழ். சாதி நாயாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

ஹெவ்லொக் டவுன் பக்கத்து மைதானம் ஒன்றில் வெள்ளி மாலைகளில் பயிற்சி. சொல்லித் தருகிறவள் என் வயதில் பாதிகூட இல்லாத சிங்களப் பெண். தமிழ்ப் பிள்ளைகளோடு படித்ததால் தமிழ் நன்றாகக் கதைப்பாள். முதல் நாள் நான் கயிற்றை வெடுக்கென்று இழுத்து, "இரு, இரு எண்டு எத்தினை தரம் சொல்றது" என்று பல்லைக் கடித்தேன். அவள் கயிற்றை என் கையிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டாள்.

"அன்ரி, பிழை செய்யிற நேரம் பார்க்க வேணாம். சரியா செய்யிற நேரம் பாருங்க. உடனே சந்தோசப்படுங்க."

வகுப்பில் இரண்டாவதாக வந்தால், முதலாவது யார் என்று கேட்கிற வீட்டில் வளர்ந்தவள் நான். சரியாகச் செய்கிறபோது பார்ப்பது எப்படி என்று எனக்கு யாரும் பழக்கவில்லை. ஆகவே நாய் பழகியதோடு நானும் பழகினேன். அவித்த கோழித் துண்டை அவள் மூக்குக்கு மேலே உயர்த்தினால் தலை மேலே போகும், பின்பக்கம் தானாகத் தரையில் இருக்கும். இருந்த அந்தக் கணமே "சரி" என்று சொல்லி, துண்டைக் கொடுக்க வேண்டும். பிறகு கையில் துண்டில்லாமல் அதே அசைவு. பிறகு வெறும் சொல் மட்டும். நடையும் அப்படித்தான். என் இடது காலோடு ஓர் எட்டு நடந்தால் பரிசு, அது பழகிய பின் இன்னும் கொஞ்சம். முதலில் வீட்டுக் கொரிடோர், அடுத்தது கார் நிறுத்துமிடம், அதன்பின் மெரின் டிரைவ். அவளுக்கு இன்னும் ஆசை இருக்கும்போதே நிறுத்திவிட்டு, பழைய காலுறை ஒன்றை இழுத்து விளையாடுவோம். கல்கிசைக்குப் போகிற ரயில் பக்கத்தில் கூவிக்கொண்டு போனபோது, அவள் ரயிலைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்து நடந்த மாலையில் எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. எதிரே வந்தவர்கள் என்னைப் பார்க்கவில்லையே என்று மனவருத்தம் வேறு.

ஒரே சிக்கல் வெள்ளிக்கிழமை. அன்று எங்கள் வீட்டில் மச்சம், மாமிசம் இல்லை. குளிர்சாதனப் பெட்டியில்கூட வைக்க மாட்டோம். கோழிக்கு எங்கே போவது? தேங்காய்ச் சொட்டுத்தான். பின்னேரம் கத்தியின் பின்பக்கத்தால் தேங்காயை 'டொக்' என்று உடைத்து, ஒரு பாதியைச் சின்னச் சின்னத் துண்டாக வெட்டி, சத்தம் கேட்டு ஓடிவந்து காலடியில் இருப்பவளுக்கு முதல் துண்டைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைப் பையில் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போவேன். கோழியைவிட அவளுக்குத் தேங்காயில்தான் உயிர். வகுப்பிலேயே கெட்டிக்கார நாய் என்று பெயர் எடுத்தாள். எல்லாம் பிள்ளையார் செயல் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போட்டி நாள் வந்தது. சுற்றிவர லாப்ரடோர், ஜேர்மன் ஷெப்பர்ட், தலைவாரிப் பூச்சூட்டாத குறையாக அலங்கரித்த குட்டை நாய்கள். எங்கள் மண் நிறக்காரி நடையில் பிசகவில்லை, கூப்பிட்டதும் பறந்து வந்தாள். கடைசியாக வரிசையில் படுக்க வைத்துவிட்டு மறுபக்கம் போய் நின்றேன். மைதான வாசலில் செவ்விளநீர், கொழும்புக்காரர் பாஷையில் தம்பிலி, விற்கிற வண்டி ஒன்று நின்றது. யாரோ தம்பிலி கேட்டார்கள். அந்த மனிதர் கத்தியை ஓங்கி 'டொக்' என்று வெட்டினார்.

அவள் எழும்பினாள். என்னிடம் வந்திருந்தாலும் கொஞ்சம் மானம் மிஞ்சியிருக்கும். நேரே வாசலுக்கு ஓடி, தம்பிலிக்காரர் முன்னால் முதுகை நிமிர்த்தி, சொல்லிக் கொடுத்தபடி மிக அழகாக உட்கார்ந்தாள்.

"மே காகெ பல்லாத?" என்று அவர் சுற்றும்முற்றும் பார்த்துக் கேட்டார், இது யாருடைய நாய் என்று. மைதானம் முழுவதும் சிரித்தது. நான்தான் நடந்து போய்க் கூட்டிவர வேண்டியிருந்தது. புள்ளி இல்லை, சான்றிதழ் இல்லை.

முச்சக்கர வண்டியில் வரும்போது கணவர், "உம்மட பிள்ளை தம்பிலிக்காரனிட்டை வேலைக்குச் சேர்ந்திட்டுது" என்றார். அழுகையை அடக்கிக்கொண்டிருந்தேன். களனி வீட்டுச் சங்கிலி கண்ணுக்குள் நின்றது.

மறுநாள் காலை சம்பலுக்குத் தேங்காய் உடைத்தேன். 'டொக்.' திரும்பினால் குசினி வாசலில் அவள், முதுகை நிமிர்த்தி, நேற்றுத் தம்பிலிக்காரர் முன்னால் இருந்த அதே இருப்பு. நான் கத்தியோடு அப்படியே நின்றுவிட்டேன். நானேதான் பழக்கியிருக்கிறேன். வெள்ளிக்கு வெள்ளி, அந்தச் சத்தம் கேட்டால் ஓடிவந்து ஒழுங்காக இருந்தால் தேங்காய் கிடைக்கும் என்று. பாவம், அவள் கீழ்ப்படியாமல் ஓடவில்லை. கீழ்ப்படிந்துதான் ஓடினாள். ஐயாவின் கூடையில் தொடங்கிய தேங்காய் ஆசைக்கு நானே பாடமும் நடத்தியிருக்கிறேன்.

கணவர் சொன்ன வழி எளியது. "இனித் தேங்காய்ப்பால் மா பக்கெட் வாங்குவம். உடைக்கிற வேலையே வேண்டாம்." வீட்டில் உடைக்காமல் விடலாம், கொழும்பு முழுக்க யார் நிறுத்துவது? பயிற்சிப் பெண்ணைத் தொலைபேசியில் பிடித்தேன். அவள் முதலில் வயிறு வலிக்கச் சிரித்தாள். பிறகு சொன்னாள்: "அந்தச் சத்தத்தை மறக்க வைக்க ஏலாது அன்ரி. அதுக்கு வேற பாடம் குடுங்க. சத்தம் கேட்டால் ஓட வேணாம், படுத்திருந்தால் தேங்காய் உங்களைத் தேடி வரும் எண்டு."

அன்று முதல் எங்கள் வீட்டில் தேங்காய் உடைந்துகொண்டே இருந்தது. முதலில் அவளைக் குசினி வாசலில் படுக்க வைத்து, கத்தியால் சிரட்டையை மெதுவாகத் தட்டுவேன். படுத்தே இருந்தால் நான் போய் வாயில் துண்டு கொடுத்து, "நல்ல பிள்ளை" என்பேன். பிறகு கொஞ்சம் பலமாக. பிறகு உண்மையாகவே உடைத்தேன். எழும்பினால் திட்டவில்லை, மறுபடி மெல்லத் தட்டுவதிலிருந்து தொடங்கினேன். சம்பல், சொதி, பால் கறி, தேங்காய்ப்பூ போட்ட புட்டு என்று நாங்கள் தின்று தீர்த்தோம். "நாய்க்குப் பாடம், எனக்குக் கொலஸ்ட்ரோல்" என்று கணவர் முணுமுணுத்தார். ஆனாலும் கடைக்குப் போய்த் தேங்காயைக் காதோடு ஆட்டிப் பார்த்து வாங்கி வந்தவர் அவர்தான்.

வீட்டில் தேறியதும் மெரின் டிரைவில் நிற்கிற தம்பிலிக்காரரிடம் போனோம். முதல் நாள் அவர் வெட்டும் சத்தம் காற்றில் லேசாக வருகிற தூரத்தில் அவளைப் படுக்க வைத்தேன். நாளுக்கு நாள் கிட்டக் கிட்ட வந்தோம். என்ன நடக்கிறது என்று என் அரைகுறைச் சிங்களத்தில் விளக்கியதும் மனிதருக்கும் உற்சாகம் பிடித்துக்கொண்டது. கத்தியை ஓங்கிவிட்டு எங்கள் பக்கம் திரும்பி, "நோனா, கபன்னத?" என்று வெட்டலாமா எனக் கேட்பார். நான் தலையாட்டுவேன். தம்பிலிக்குக் காத்து நிற்கிறவர்களும் சேர்ந்து நாயைப் பார்ப்பார்கள். கடைசியில் வண்டிச் சக்கரத்தின் பக்கத்திலேயே அவள் படுத்திருந்தாள். சத்தம் கேட்கும்போது காது மட்டும் நிமிரும், மடிந்த காதும் பாதி எழும்பும், உடம்பு அசையாது.

வருடாந்தக் கூட்டம் நெருங்கியது. அதற்கு முன் இருந்தது ஒரே ஒரு போட்டி. அன்றும் வாசலில் அதே வண்டி. கணவர், "போய் அவனைக் கொஞ்ச நேரம் வெட்டாமல் இருக்கச் சொல்லட்டே?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அது ரோஷம். பயமும் இருந்தது.

வரிசையாகப் படுக்க வைத்தோம். மறுபக்கம் போய்த் திரும்பி நின்றேன். அவள் கண் என் மேல். கொஞ்ச நேரத்தில் வாசலில் 'டொக்.' பக்கத்து ஜேர்மன் ஷெப்பர்ட் தலையைத் திருப்பியது. அதற்கு அடுத்த குட்டை நாய் எழும்பியே விட்டது. எங்களவளின் காதுகள் நிமிர்ந்தன. அவள் வாசலைப் பார்க்கவேயில்லை. நாடியை முன்னங்கால்களின் மேல் வைத்துக்கொண்டு, தேங்காயோடு நான் வருவேன் என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னொரு 'டொக்.' அதற்கும் அப்படியே.

நடுவர் போகச் சொன்னதும் நடந்து போய் அவள் பக்கத்தில் நின்றேன். முடிந்தது என்று அவர் சொல்லும்வரை நானும் அசையக் கூடாது. கண்ணீர் கன்னத்தில் ஓடியது, துடைக்க முடியவில்லை. பெருமை. வேறு ஒன்றுமில்லை, வெறும் பெருமை. பிள்ளைகளின் பட்டமளிப்புக்குப் பட்டுச்சேலை உடுத்திப் போன தாய்மார் என்ன நினைத்திருப்பார்கள் என்று எனக்கு அன்று தெரிந்தது.

முதலிடம் ஒரு லாப்ரடோருக்கு. எங்களுக்கு இடம் ஒன்றும் இல்லை, ஆனால் பாஸ். வீட்டுக்கு வரும் வழியில் கணவரே தெரிந்தவர்களுக்கெல்லாம் தொலைபேசி எடுத்தார். ஓர் அத்தை, "முதலாவது வந்தது ஆர்?" என்று கேட்டிருக்கிறார். "அது எங்களுக்குத் தேவையில்லை" என்று சொல்லி வைத்துவிட்டார்.

கூட்டத்தில் சான்றிதழை ஐயாவிடம் நீட்டினேன். கண்ணாடியைப் போட்டு, முத்திரையை வெளிச்சத்தில் பிடித்து, முன்னும் பின்னும் பார்த்தார். எங்கள் ஆட்களிடம் சான்றிதழுக்கு இருக்கிற மரியாதை தெரிந்ததுதானே. "சரி, இருக்கட்டும்" என்றார். அவள் எங்களோடு இருக்கப்போகிறாள் என்பதே எனக்குப் போதும்.

சில வாரம் கழித்து ஒரு வெள்ளி மாலை நானும் அவளும் லிப்டில் கீழே வந்தோம். கதவு திறந்தது. ஐயா அர்ச்சனைக் கூடையோடு நின்றார், பக்கத்தில் கல்கிசையிலிருந்து வந்த அவருடைய உறவுக்காரர் ஒருவர். நாயைக் கண்டதும் உறவுக்காரர் பின்வாங்கினார். நான் ஒன்றும் சொல்வதற்கு முன்னாலேயே அவள் உட்கார்ந்துவிட்டாள். கூடையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"பயப்பிடாதையும்" என்றார் ஐயா உறவுக்காரரிடம். "எங்கட பில்டிங் நாய். பாஸ் பண்ணினது."

பிறகு கூடைக்குள் கைவிட்டு, தேங்காய்ப் பாதியின் விளிம்பிலிருந்து நகத்தால் ஒரு சொட்டுக் கிள்ளி எடுத்தார்.

"குடுக்கலாமோ?"

"குடுங்கோ ஐயா. ஆனால் முதல் 'நல்ல பிள்ளை' எண்டு சொல்லோணும். அப்பதான் கணக்கு."

அவருக்கு அது லேசில் வரவில்லை. உறவுக்காரரை ஒரு தடவை பார்த்தார், தொண்டையைச் செருமினார். பிறகு வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கிற குரலில் அதைச் சொல்லிவிட்டு, அர்ச்சனைத் தேங்காயை அவள் வாயில் வைத்தார்.