அக்கரைக்குப் போன லைன்

செய்தி போய்ச் சேர்ந்தால் கேப்டனின் சாமர்த்தியம், சேராவிட்டால் சிக்னல்காரனின் முட்டாள்தனம்: மைசூர் சமஸ்தானப் பட்டாளத்தில் கொடி ஆட்டியும் வயர் இழுத்தும் நான் கற்றது இவ்வளவுதான். தந்தி ஆபீஸில் திட்டு வாங்கிய நண்பர்களே, உங்களுக்கு இது புரியும்.

மேகம்

சாமுண்டி மலைமேல் நின்று, வெயிலைக் கண்ணாடியில் வாங்கி, கீழே மைதானத்துக்கு மினுக்கி மினுக்கிச் செய்தி சொல்வோம். ஒருநாள் பாதிச் செய்தியில் மேகம் மூடிவிட்டது. கொடியை ஆட்டினேன், தூறலில் யாருக்கும் தெரியவில்லை. மீதியைச் சொல்ல மலையிறங்கி ஓடினேன். குதிரைமேல் இருந்தபடியே கேப்டன் கேட்டார்: "மேகம் வருதுன்னு முன்னாடியே சொல்றதுக்கு என்னய்யா கேடு?"

எருமை

ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் பக்கத்தில் போர் ஒத்திகை. நானும் கொள்ளேகால் ஐயாவு என்ற என் கூட்டாளியும் கரும்புத் தோட்டங்கள் வழியே டெலிபோன் வயர் இழுத்தோம். மத்தியானம் லைன் செத்துப்போனது. வயரைப் பிடித்துக்கொண்டே போனால், நடுவில் ஒரு துண்டைக் காணோம். அந்தத் துண்டால் ஒரு விவசாயி தன் எருமையைக் கட்டியிருந்தார். தொண்டை கிழியக் கத்தினேன். அவர் நிதானமாகக் கன்னடத்தில் கேட்டார்: "என் கரும்பை மிதிச்சுட்டுப் போனப்ப நீ என்னைக் கேட்டியாப்பா?"

ஆறு

மறுநாள் காவிரியில் புதுத்தண்ணீர். அக்கரையிலிருந்து யாரோ பெரிய விருந்தாளி டெலிபோனில் பேசிப் பார்க்க வேண்டுமாம். உடனே லைன் வேண்டும் என்றார் கேப்டன்.

"தண்ணி ஏறுதுங்க. பரிசல் அக்கரையில இருக்கு, வந்துரட்டும்" என்றேன்.

"உன் பரிசலுக்காக அவர் காத்திருப்பாரா?"

ஐயாவு என்னைப் பார்த்தான். "உடுங்க, நான் போறனுங்" என்று வயரை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கினான். நடு ஆற்றில், மிதந்து வந்த மரம் அவனைப் பாறையில் அடித்தது. அக்கரைப் பரிசல்காரர்தான் பாய்ந்து வந்து தூக்கி அக்கரை சேர்த்தார். இடது கை முறிந்து தொங்கியது. அவன் இடுப்பிலிருந்து வயரை அவிழ்த்து, அங்கிருந்தவர்கள் டெலிபோனில் மாட்டினார்கள்.

"ஐயாவு உசுரோட இருக்கானா?" என்று இந்தப் பக்கம் நான் கத்திக்கொண்டிருக்கும்போதே கேப்டன் ரிசீவரைப் பிடுங்கினார். விருந்தாளியிடம் குழைந்து பேசி முடித்துவிட்டு, என் பக்கம் திரும்பி முகத்தைச் சுளித்தார்: "குரல் கரகரங்குது. வயரை நனைச்சுட்டீங்களா?"

நிமிராத கையோடு ஐயாவு ஊர் திரும்பினான், கேப்டன் மேஜரானார், நானோ இன்றைக்கும் யார் வீட்டு டெலிபோன் மணி அடித்தாலும் பல்லைக் கடிக்கிறேன்.