பாட்டில் பிரஷும் புறாவின் கருமுட்டையும்

ஆய்வுக்கூடத்தில் அவளை எல்லோரும் ஊசியம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். நாலு வருஷம் பாட்டில் கழுவினாள். பிறகு பதினொரு வருஷமாக ஊசிதான்.

வேலை இதுதான். பறவையின் சூலகத்தில் வளரும் கருமுட்டை கடுகளவு இருக்கும். அதை உப்புக் கரைசலில் போட்டு, பூதக்கண்ணாடியின் கீழ் இரண்டு ஊசிகளால் கீறி, மஞ்சள் கருவுக்குள் புதைந்திருக்கும் உட்கருவை உடையாமல் வெளியே எடுக்க வேண்டும். கண்ணாடிக் குமிழி மாதிரி இருக்கும். மூச்சைப் பிடித்தால் கை ஆடும். முழுதாக விட்டபின், அடுத்த மூச்சுக்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி உண்டு. அதற்குள் எடுத்துவிட வேண்டும். பிறகு மூன்று முறை கழுவி, ஸ்லைடில் இறக்கி, மேல் தோலை உரித்துவிட்டால் அவள் பொறுப்பு தீர்ந்தது. ஸ்லைடு அடுத்த அறைக்குப் போகும். அங்கிருந்த பெரிய மைக்ராஸ்கோப்பைத் தினமும் துடைத்திருக்கிறாள். கண் வைத்துப் பார்த்ததில்லை. யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை.

இத்தனை வருஷமும் கோழி. இந்த வருஷம் புறாவுக்கு மாறினார்கள். இரண்டாவது வாரமே, ஆராய்ச்சியை நடத்தும் டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பில் எடுத்த ஒரு படத்தோடு வந்து நின்றாள்.

"அக்கா, பாருங்க. உருண்டை உருண்டையா ஒட்டிக்கிட்டிருக்கு. மஞ்சள் கரு சரியா போகல."

"மூணு தடவை கழுவித்தான் மேடம் குடுக்கறேன்."

"அஞ்சு தடவை கழுவுங்க."

ஐந்து ஏழாயிற்று. உருண்டைகள் அசையவில்லை, கூடுதல் கழுவலில் பாதி உட்கருக்கள் உடைந்ததுதான் மிச்சம். டாக்டரம்மா கெட்டவள் அல்ல, அவசரக்காரி.

"இந்த வாரம் பாப்போம். சரிவரலன்னா வேற ஒருத்தர் ஊசில உக்காரட்டும் அக்கா. நீங்க பழையபடி பாட்டில் பக்கம் போயிடுங்க. கண்ணுக்கும் ஓய்வு."

வீட்டில் புருஷன் தட்டைக் கழுவி வைத்தபடி கேட்டான். பஸ் ஷெட்டில் மெக்கானிக் அவன்.

"பாட்டில் கழுவினா என்ன குறைஞ்சு போச்சு?"

"ஒண்ணும் குறையல. கழுவத் தெரியாதவன்னு பேரு வெச்சு அனுப்பறாங்களே, அதத்தான் தாங்க முடியல."

"எங்க ஷெட்லயும் புது வண்டி மக்கர் பண்ணா முதல்ல டிரைவரத்தான் திட்டுவாங்க. அப்புறந்தான் பானட்டைத் திறப்பாங்க. நீ திறந்து பாத்தியா?"

"பதினொரு வருஷமா திறந்துதாங்க குடுக்கறேன்," என்றாள். "பாக்கத்தான் இல்ல."

மறுநாள் காலை அடுத்த அறைக்குப் போனாள். "மேடம், நான் விட்ட அழுக்கை என் கண்ணால பாக்கணும்."

டாக்டரம்மா நாற்காலியை விட்டு எழுந்து இடம் கொடுத்தாள்.

சாம்பல் நிற வெளி. அதில் இழைகள், இரண்டிரண்டாக, அங்கங்கே ஒன்றையொன்று தொட்டுப் பிரிந்து. ஒவ்வொரு இழையின் நீளத்துக்கும் இரு பக்கமும் மெல்லிய வளையங்கள் மயிர் போலச் சிலிர்த்து நின்றன. எண்ணத் தொடங்கி விட்டுவிட்டாள். வந்த காரியம் மறந்தே போயிற்று.

"பாட்டில் பிரஷ்," என்றாள் மெதுவாக.

டாக்டரம்மா சிரித்தாள். "கிட்டத்தட்ட. அந்தக் காலத்துல விளக்குக் கண்ணாடி துடைக்கிற பிரஷ் இருந்துச்சே, அதோட பேரைத்தான் இந்தக் குரோமோசோமுக்கு வெச்சாங்க. ஒவ்வொரு வளையத்துலயும் மரபுச் செய்தி நகல் ஆகிட்டே இருக்கு."

"இத்தனை நகல் எதுக்கு மேடம்?"

"முழுசா இன்னும் யாருக்கும் தெரியாதுக்கா."

கையில் பிடித்துத் தேய்த்துத் தேய்ந்த அதே உருவம், அவள் தினமும் ஊசி நுனியில் தூக்கிக் கொடுத்த குமிழிக்குள் இருந்திருக்கிறது. ஊசியம்மா ரொம்ப நேரம் கண்ணை எடுக்கவில்லை.

பிறகுதான் உருண்டைகள் நினைவுக்கு வந்தன. இருப்பதிலேயே நீளமான ஜோடியைப் பார்த்தாள். இழைக்கு ஒன்றாக இரண்டு உருண்டைகள், எதிரெதிரே.

"அடுத்த ஸ்லைடைப் போடுங்க மேடம்."

அதிலும் அதே இடம். கையுறைப் பெட்டியின் அட்டையைக் கிழித்துப் பென்சிலால் வரைந்துகொண்டே வந்தாள். மத்தியானத்துக்குள் ஒன்பது ஸ்லைடு, ஒன்பது படம். அட்டையை மேஜையில் வைத்தாள்.

"எனக்கு அழுக்கைப் பத்தித் தெரியும் மேடம். இடம் கிடைச்ச பக்கம் ஒட்டும். ஒன்பது தடவையும் ஒரே இடத்துல போய் உக்காரணும்னு அதுக்கு யார் சொல்லிக் குடுத்தது?"

டாக்டரம்மா அட்டையைப் பார்த்தாள். பழைய கோழி ஸ்லைடு ஒன்றை எடுத்து வைத்துப் பார்த்தாள். அதில் உருண்டையே இல்லை. அப்புறம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவள் சாயங்காலம்தான் எழுந்தாள். புறாவில் அப்படித்தான் இருக்கும் என்று முன்பே எழுதியிருக்கிறார்கள். குரோமோசோமின் இடுப்பு மாதிரியான இடத்தில் புரதம் திரண்டு உருண்டையாக நிற்குமாம். புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. ஊசியம்மாவுக்கு அதில் வருத்தமும் இல்லை.

"நான் முதல்லயே படிச்சிருக்கணும்," என்றாள் டாக்டரம்மா.

"ஆமா மேடம்," என்றாள் ஊசியம்மா.

கழுவல் மறுபடி மூன்றானது. பெரிய மைக்ராஸ்கோப்புக்குப் பக்கத்தில் இரண்டாவது நாற்காலி ஒன்று வந்தது.

மறுநாள் காலை முதல் கருமுட்டையைக் கீறியபோது குமிழி பளிச்சென்று மேலே வந்தது. பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக அவள் கை ஆடியது. உள்ளே என்ன இருக்கிறது என்று இப்போது தெரியுமே. ஊசியைக் கீழே வைத்தாள். மூச்சை முழுதாக விட்டாள். அந்த இடைவெளி வந்ததும் எடுத்தாள்.