தப்பாகக் கணக்குச் சொன்ன அஞ்சலையக்கா

அலோர் காஜா பசாரில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் ரப்பர் தோட்டத்து லாரி ஓட்டுநர் வந்து தோளைத் தொட்டார்.

"வாத்தியாரே, ஆயாக்கொட்டாய் அஞ்சலையக்கா நேத்து காய்ச்சல்ல போயிட்டாங்க. மருந்து குடுக்க வந்த ஆஸ்பத்திரி டிரெஸ்ஸரையே சிரிக்க வச்சாங்களாம்."

அக்காவை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

பெற்றோர் ரப்பர்ப் பால் எடுக்கப் பால்மரம் வெட்டப் போனதும் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது அக்காவின் வேலை. அவருடைய ஆயாக்கொட்டகைக்கும் என் பள்ளிக்கும் நடுவே ஓர் அத்தாப்பு ஓலைத் தட்டிதான். நான் வாய்ப்பாடு சொல்லித்தருவேன். அந்தப் பக்கம் சிரிப்பு வெடிக்கும். என் மாணவர்களின் காதெல்லாம் அங்கேதான். ஒருநாள் பொறுக்க முடியாமல் போய்ச் சண்டை பிடித்தேன்.

"பிள்ளைங்க படிக்க வேணாமாக்கா?"

"சிரிக்கிற புள்ளைக்குத்தான் வாத்தியாரே காது தொறந்திருக்கும்."

படிக்காதவர் பேச்சு என்று திரும்பிவிட்டேன்.

பிறகு பள்ளியைச் சோதிக்க அதிகாரி வந்தார்; யாழ்ப்பாணத்துக்காரர். "ஏழும் அஞ்சும் எத்தனை?" என்றார். பயத்தில் ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை. "ஒண்டும் படிக்கேல்லை. இப்பிடியெண்டால் பள்ளியை மூடச் சொல்லித்தான் எழுதவேணும்" என்று பேனாவைத் திறந்தார்.

தட்டிக்கு அப்பால் கேட்டுக்கொண்டிருந்த அக்கா, இடுப்பில் ஒரு குழந்தையோடு உள்ளே வந்தார். மடியிலிருந்த ரப்பர் கொட்டைகளைத் தரையில் கொட்டினார்.

"இந்தா ஏழு, இந்தா அஞ்சு. ஆக மொத்தம் ஒம்போது!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"இல்லயா? அப்ப இருவது!"

வகுப்பே சிரித்தது. ஓராண்டாக என்னிடம் ஒரு சொல்கூடப் பேசாத முனியம்மா எழுந்து நின்றாள். "ஐயோ அக்கா! பன்னெண்டு லா!"

அதன்பின் அதிகாரி கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் போட்டி போட்டுக்கொண்டு வந்தது. அவரே ஒரு கணக்கைத் தப்பாகச் சொல்லிப் பார்த்தார். பிள்ளைகள் விடவில்லை. பேனாவை மூடிவிட்டுச் சிரித்தார்.

அன்று மாலை, "நல்லா நடிச்சீங்கக்கா" என்றேன்.

"எங்க நடிச்சேன்? எனக்குப் பத்துக்கு மேல எண்ண வராது. உங்க பள்ளிக்கூடத்துப் புள்ளைங்கதான் கத்துக் குடுக்குதுங்க" என்றார். மறுவாரமே தட்டியை நான் கழற்றிவிட்டேன். அக்கா நூறுவரை எண்ணக் கற்றது அங்கேதான்.

பிள்ளைகள் முன் தவறுவதற்கு வெட்கப்படாத மனத்தை அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டேன். அவர் போன செய்தி வந்த பிறகு, நேற்று கரும்பலகையில் உண்மையிலேயே ஒரு கழித்தலைத் தப்பாகப் போட்டேன். முன்வரிசைச் சிறுமி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சாக்கட்டியை அவள் கையில் கொடுத்துவிட்டு, அவள் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.