காற்றின் மேல் போட்ட பழி

ஸாஹ்லே ஊரில் திராட்சைத் தொட்டிக்குள் ஆள் இறங்கும் முன் மெழுகுவர்த்தியைக் கயிற்றில் கட்டி உள்ளே விடுவார்கள். ரசம் நுரைத்து முடிந்த தொட்டியின் அடியில் மூச்சை அடைக்கும் வாயு தேங்கி நிற்கும். சுடர் அணைந்தால் இறங்கக் கூடாது. பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. நக்லேவுக்கும் தெரியும். தெரிந்துதான் செத்தான்.

அந்த வருஷம் ஆலங்கட்டி மழை சிவப்புத் திராட்சையில் பாதியை நாசமாக்கிவிட்டது. குறையை நிரப்ப, மேட்டு நிலத்து வெள்ளைத் திராட்சையையும் சேர்த்துக் கொட்டினான் நக்லே. அவன் மனைவி வர்தே தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஊர்ல எவனாவது இப்படிப் பண்ணுவானா? குதிரையையும் கழுதையையும் ஒரே ஏர்ல பூட்டுறியே!"

"குடிச்சுப் பாத்துட்டு அப்புறம் திட்டுடி."

ஒயினை வடித்துத் தாழிகளில் ஊற்றியாயிற்று. சாராயம் காய்ச்சுவதற்குத் தொட்டியின் அடியில் தங்கிய சக்கையை வார வேண்டும். நக்லேவின் தம்பி அஸாஃப் மெழுகுவர்த்தியை இறக்கினான். அணைந்தது.

"காத்துடா. கதவைத் தெறந்து போட்டா அணையாம என்ன பண்ணும்?" என்று சொல்லி ஏணியில் கால் வைத்தான் நக்லே. அவ்வளவு அவசரம் அந்த மனுஷனுக்கு. கொக்கி போட்டுத்தான் வெளியே எடுத்தார்கள்.

அடக்கம் முடிந்து வந்ததும் வர்தே கொழுந்தனைக் கூப்பிட்டாள்.

"அந்த ஒயின்ல ஒரு சொட்டு மிச்சம் இருக்கக் கூடாது. சாக்கடையில கொட்டு."

"அண்ணன் எறங்குறதுக்கு முன்னாடியே வடிச்சதுதானே, அண்ணி. ஒயின் என்ன பாவம் பண்ணுச்சு? ரெண்டு புள்ளைங்க வேற..."

"கொட்டுடா!"

கொட்டிவிட்டேன் என்று மறுநாள் வந்து சொன்னான். அதன் பிறகு பனிக்காலத்து விறகு, பிள்ளைகளின் செருப்பு, பள்ளிக்கூடச் செலவு எல்லாம் அவன் கையிலிருந்து வந்தன. கொழுந்தன் என்றால் இவனல்லவா என்று ஊரே மெச்சியது.

நக்லேவின் முதலாண்டு நினைவுப் பூசை முடிந்து அஸாஃப் வீட்டில் விருந்து. ஒரு வருஷமாக ஒயினைத் தொடாத வர்தேயின் கையில், செத்தவனுக்காக என்று பாதிரியார் கோப்பையைத் திணித்தார். மறுக்க முடியவில்லை. ஒரு வாய் குடித்தாள். வெளிறிய சிவப்பு. விழுங்கிய பிறகு தொண்டையில் பாதாம் தோலின் கசப்பு. ஸாஹ்லேயில் வேறு எந்த வீட்டிலும் இப்படி ஒரு கலவை கிடையாது.

அஸாஃபைப் பார்த்தாள். அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

அவள் ஒரு வார்த்தை கத்தினால் போதும், அவன் மானம் சந்தி சிரித்துவிடும். ஆனால் எதிரே உட்கார்ந்து ரொட்டி தின்னும் பிள்ளைகளின் காலில் கிடப்பது இந்த ஒயின் வாங்கித் தந்த செருப்பு. அதைவிடக் கொடுமை, ஒயின் நன்றாக இருந்தது. அதைக் கேட்க நக்லேதான் இல்லை.

விருந்தாளிகள் எழுந்து போனதும் கேட்டாள்: "இன்னும் எவ்வளவு இருக்கு?"

"ஒரு தாழி, அண்ணி. மத்ததெல்லாம் வித்தது புள்ளைங்களுக்காகத்தான்..."

"என் வீட்டுக்கு அனுப்பு. இனிமே எவனும் இதைத் தொடக் கூடாது."

ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போய் வந்து, தனியாக உட்கார்ந்து ஒரு கோப்பை குடிப்பாள். "நல்லாத்தான் இருக்கு, போதுமா?" என்று செத்த கணவனோடு சண்டை போடுவாள். தாழி பாதியானதும் ஒயின் புளிக்கத் தொடங்கியது. முகத்தைச் சுளித்துக்கொண்டு அதையும் குடித்தாள்.

அகப்பை தாழியின் அடியில் உரசிய அன்று, அடக்கத்தன்றுகூட அழாத அழுகை அழுதாள். பிறகு எழுந்து ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி, கயிற்றில் கட்டி, காலித் தாழிக்குள் இறக்கினாள். கதவு விரியத் திறந்து கிடந்தது. ஆற்றுப் பக்கமிருந்து வந்த காற்று முக்காட்டை இழுத்தது. உள்ளே சுடர் ஆடாமல் எரிந்தது.

"பாத்தியா, கதவு தெறந்துதான் கெடக்கு," என்றாள் தாழிக்குள் குனிந்து. "அன்னிக்கு அணைச்சது காத்து இல்லய்யா. காத்தே இல்ல."