கூரைக்கு வெளியே ஒரு விசில்

நான் சொல்லப்போவது சத்தியமாக நடந்தது, என் பழைய வேன் மேல் ஆணை. வேன் போன வருடமே காயலான் கடைக்குப் போய்விட்டது. ஆகையால் கொஞ்சம் இழுத்துச் சொன்னாலும் அதற்கு ஒன்றும் ஆகாது, இழுக்கத்தான் போகிறேன். ரஷ்யாவில், செரப்பவேத்ஸ் ஊரில், எங்கள் கராஜ் வரிசையில் ஒரு தகரக் கராஜுக்குள் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து ஊறுகாய் வெள்ளரி கடித்துக்கொண்டிருந்த கெர்மனிடமும் போர்ஃபிரியிடமும் இப்படிச் சொல்லித்தான் ஆரம்பித்தேன்.

அக்லாயா, இரும்பு ஆலையில் கிரேன் ஓட்டிய ஸோயாவின் மகள். உச்சியில் உட்கார்ந்து அம்மா கத்தினால் கீழே எல்லோருக்கும் கேட்கும். அதே தொண்டைதான் மகளுக்கும். அவள் பிறந்து அழுத அழுகையில், சங்கு ஊதிவிட்டது என்று ஆலையில் பாதிப் பேர் வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்கள். வளர்ந்ததும் கல்யாணங்களில் பாடினாள், அவளுக்கு நான் வேன் ஓட்டினேன். மாஸ்கோ கம்பெனி ஒன்று அவளைப் பெரிய பாடகியாக்கிய பிறகும், போகிற இடமெல்லாம் இந்தச் சகார் அண்ணன் வரவேண்டும் என்று அடம்பிடித்தாள்.

இங்கிலீஷ் ஆல்பம் போட அந்தக் கம்பெனி அவளை ஸ்டாக்ஹோமுக்கு அனுப்பியது. முடியை வெட்டினார்கள். பேரை ‘லாயா’ என்று குறுக்கினார்கள். அம்மா பின்னிய சால்வையைப் பெட்டிக்குள் போடச் சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் சரி என்றாள். வினை கடைசிப் பாட்டில் வந்தது. ஆரம்பத்தில் அவள் விசிலடிக்க வேண்டுமாம், ஸ்டூடியோவுக்குள்ளேயே.

எங்கள் ஆட்களில் யார் அதைச் செய்வார்கள்? கூரைக்குக் கீழே விசிலடித்தால் கையிலிருப்பதெல்லாம் ஓடிவிடுமே. அக்லாயா ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டாள்.

மெட்டுப் போட்ட ஸ்வீடன்காரர் ஸ்டெல்லான் நல்ல மனுஷன், கோபம் வந்தால் காபி குடிப்பார். அன்று அவர் குடித்ததில் ஊர் ஏரி ஒரு முழம் இறங்கிவிட்டது. மாஸ்கோ மேனேஜர் வாதிமுக்கு அந்தப் பொறுமை இல்லை. சாயங்காலத்துக்குள் விசில் வராவிட்டால் பாட்டு, ஆல்பம் எல்லாமே வேறொருத்திக்குப் போய்விடும் என்றான்.

"இது ஸ்வீடன்மா. இங்க அதெல்லாம் பலிக்காது" என்றான் வாதிம்.

"எந்த நாட்டுல இருந்தா என்ன, கூரை கூரைதான்" என்றாள் அக்லாயா. "முடியக் கேட்டீங்க, குடுத்தேன். பேரக் கேட்டீங்க, அதையும் குடுத்தேன். இதக் குடுக்க மாட்டேன்."

"அப்ப எங்கதான் அடிப்ப?"

"வெளிய."

ஜன்னல் வழியாக மைக் ஒயரை முற்றத்துக்கு இழுத்தோம். பனி என்றால் அப்படியொரு பனி. விட்ட மூச்சு கட்டியாகி என் காலில் விழுந்து விரல் வீங்கியது. அவள் உதடு வெடித்துவிடக் கூடாதே என்று, ஊரிலிருந்து கொண்டுபோன வாத்துக் கொழுப்பை நானே அப்பிவிட்டேன். குளிருக்கு நாங்கள் எல்லோரும் பூசுவதுதான். உதட்டைக் குவித்தாள். வழுக்கிக்கொண்டு வெறும் காற்று வந்தது. ஜன்னலில் வாதிம் சிரித்தான்.

அக்லாயா குனிந்து ஒரு கை பனியை அள்ளி உதட்டைத் தேய்த்தாள், ரத்தம் கசியும் வரை தேய்த்தாள். பெட்டியிலிருந்த சால்வையை எடுத்து வரச் சொல்லிப் போர்த்திக்கொண்டாள். பிறகு அடித்தாள். ஓரமெல்லாம் பிசிறிய விசில். ஸ்வீடன் நாய்கள் அத்தனையும் வாயை மூடிக்கொண்டன. இன்னும் சுத்தமாக ஒரு தடவை என்று ஸ்டெல்லான் கேட்டார்.

"இதான் என் விசில். வேணும்னா வச்சுக்குங்க."

அவர் காபியைக் கீழே வைத்தார். விசிலை வைத்துக்கொண்டார். ஆல்பம் வேறொருத்திக்குப் போகாமல் அவள் பேரிலேயே வந்தது.

போர்ஃபிரி நம்பவில்லை. "அளக்காத சகாரு. அந்தப் பாட்டுல வர்றது மிஷின் விசில்."

"மிஷினுக்கு எங்கய்யா இப்படிப் பிசிறும்? இந்தா கேளு" என்று கெர்மன் உதட்டைக் குவித்து அந்த மெட்டை முழுசாக அடித்துக் காட்டினான். போர்ஃபிரியின் கராஜுக்குள் உட்கார்ந்துகொண்டு.

போர்ஃபிரி வெள்ளரி ஜாடியோடு எழுந்தான். "பாவி, எங்கிட்ட இருக்கறதே இந்த ஓட்ட வண்டி ஒண்ணுதாண்டா. வெளிய போ."

"தகரமெல்லாம் ஒரு கூரையா?" என்றான் கெர்மன். ஜாடி அவன் பக்கமாகப் பறந்தது.