மாமா பார்த்துக்கொண்ட ஸ்டவ்

அக்காவைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும், வீட்டிலிருந்து அப்புறப்படுத்த வேண்டியவற்றை அம்மா வரிசையாகச் சொன்னாள்: கருவாட்டுப் பானை, கிழிந்த பாய், கொல்லையில் காயும் வலை, மாமா.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. கீழவைப்பாரில் இருந்தார். கடலடியில் மூச்சடக்கிச் சங்கு எடுக்கும் குளியாள். அப்பாவோ கப்பல் கம்பெனியில் கிளார்க். அக்காவுக்கு முன்பு வந்த ஒரு சம்பந்தம், "குளியாள் வீட்டுப் பொண்ணா?" என்ற கேள்வியோடு நின்றுபோயிருந்தது. இப்போது வருகிறவர்கள் கொழும்பிலிருந்து திரும்பியவர்கள், ஊரில் யாரையும் அவ்வளவாக அறியாதவர்கள். இதையும் கைவிட அம்மா தயாராக இல்லை.

ஆனாலும் மாமா இல்லாமல் முடியவில்லை. காரணம் எங்கள் பித்தளைப் பம்பு ஸ்டவ். விருந்தாளிகளுக்கு விறகடுப்பில் டீ போடுவது கௌரவக் குறைச்சல் என்று அப்பா வாங்கியது. உலக யுத்தம் முடிந்த பிறகும் மண்ணெண்ணெய் கூப்பனுக்குத்தான் கிடைத்தது என்பதால் அதை எப்போதாவதுதான் பற்றவைப்போம். அதற்குள் பம்பின் தோல் வாஷர் காய்ந்து சுருங்கிவிடும், பர்னர் துளை அடைத்துக்கொள்ளும். இரண்டையும் சரிசெய்ய எங்களுக்குத் தெரிந்த ஒரே ஆள் மாமா.

காலையிலேயே வந்து துளையை ஊசியால் குத்திவிட்டார். வாஷரைக் கழற்றி எண்ணெயில் ஊறவைத்தார். அவர் கொண்டுவந்தது வள்ளத்துக்குப் பூசும் சுறா எண்ணெய். தோலுக்கு இதைவிட நல்லது கிடையாது என்றார். அம்மா அவசரமாகச் சாம்பிராணி போட்டாள். பூசை நடக்கும் கோயிலுக்குள் யாரோ மீன் கூடையோடு நுழைந்ததுபோல் வீடு மணந்தது. வேலை முடிந்ததும் அவரைக் கொல்லையிலேயே இருக்கச் சொன்னார்கள்.

வந்தவர்கள் கூடத்தில் உட்கார்ந்தார்கள். மேற்கிலிருந்து பலமாக வீசும் கச்சான் காற்றில் தீ அணையக்கூடாது, வாடையும் கூடத்துக்கு வரக்கூடாது என்று அம்மா அடுக்களையின் சன்னலை அடைத்துக் கதவையும் சாத்திக்கொண்டாள். பதற்றத்தில், ஸ்பிரிட் எரிந்து பர்னர் சூடேறும் முன்பே பம்பை அடித்துவிட்டாள். ஆவியாக வேண்டிய மண்ணெண்ணெய் அப்படியே பீச்சியடித்தது. மஞ்சள் தீ உத்திரத்தை எட்டியது. கரும்புகைக்குள்ளிருந்து அம்மா இருமிக்கொண்டே கூடத்துக்கு ஓடிவந்தாள். விருந்தாளிகள் எழுந்துவிட்டார்கள்.

மாமா கொல்லை வாசலில் நின்று, கடலில் இறங்கும்முன் செய்வதைப்போல நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு புகைக்குள் போனார். காற்றுத் திருகைத் திறந்த சீறல் கேட்டது. தீ அடங்கியது. சன்னல் திறந்தது. வெளியே வந்த பிறகுதான் மூச்சை விட்டார்.

சிவந்த கண்ணும், மேலெல்லாம் கரியும் சுறா வாடையுமாக அவர் கூடத்து வாசலில் நின்றபோது எனக்கு உடம்பு கூசியது. அக்கா தலை நிமிரவில்லை.

"பொண்ணு பாக்க வந்த எடத்துல கொசுவுக்குப் புகை போடுதாங்க" என்று மாப்பிள்ளையின் அப்பா சிரித்தார். அவர் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு, "இது யாரு?" என்று கேட்டாள்.

"ஸ்டவ் ரிப்பேர் பாக்க வந்த ஆளு" என்றாள் அம்மா.

மாமா அவளைப் பார்த்தார். "ஆமாம்மா" என்றார். "சன்னல அடைச்சிட்டுப் பத்த வைக்கப்பிடாதும்மா. நல்லா சூடேறின பொறவு பம்பு அடிக்கணும்."

சொந்த அக்காளை அவர் அம்மா என்று கூப்பிட்டது எனக்கு வேடிக்கையாக இருந்தது. வேறு யாரோ ஆகிவிட்டாரே என்று நிம்மதியாகவும் இருந்தது.

"ஏய்யா, எங்க வீட்டு ஸ்டவ்வும் இப்படித்தான் எகிறுது. ஒரு நாளு வந்து பாரு" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. மாமா தலையாட்டினார். சொன்னபடி போய்ப் பார்த்தும் கொடுத்தார்.

சம்பந்தம் கூடிவந்தது. கல்யாணத்துக்கும் அந்த ரிப்பேர்க்காரனே வரட்டும், கை சுத்தமான ஆள் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லியனுப்பினார்கள். மாமா வந்தார். பந்தலுக்குப் பின்னால் காற்றோட்டமான இடமாகப் பார்த்து ஸ்டவ்களை வைத்துப் பால் காய்ச்சினார். எங்கள் உறவுக்காரர்கள் முன்பின் அறியாதவரைத் தாண்டுவதுபோல் அவரைத் தாண்டிப் போனார்கள். அம்மா எல்லோருக்கும் சொல்லிவைத்திருந்தாள்.

பெண்ணுக்குத் தாய்மாமன் மாலை போடும் நேரம் வந்தது. "தாய்மாமன் எங்க? வாரும்" என்று பந்தலில் உரக்கக் கூப்பிட்டார்கள். தம்பி பம்பாயில் இருக்கிறான், லீவு கிடைக்கவில்லை என்றாள் அம்மா. அப்பா வழிச் சித்தப்பா ஒருவர் மாலையை வாங்கிக்கொண்டார்.

நான் பின்பக்கம் ஓடினேன். மாமா ஸ்டவ்வின் மேல் குனிந்து பம்பை அடித்துக்கொண்டிருந்தார். தீ ஏற்கெனவே நீலமாக, சரியாகத்தான் எரிந்துகொண்டிருந்தது. மாமா என்று அழைக்கக்கூடாது என்பது நினைவிருந்ததால் பக்கத்தில் போய்ச் சும்மா நின்றேன். அவர் திரும்பவில்லை, இன்னும் பலமாக அடித்தார். ஸ்டவ் அப்படி இரைந்தது. இந்த இரைச்சலில், பாவம், பந்தலில் கூப்பிட்டது மாமாவுக்குக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.